ஒன்னுகூடி, சாரே

அவளுக்குக் காது மந்தம் என்று முதலில் சொன்னவன் நான்தான். பிறகு அது தானாகப் பரவிவிட்டது. கழக்கூட்டத்தில் மேஜரின் ஷெட்டுக்கு வந்து போகிற எல்லோரும் அவளிடம் கொஞ்சம் உரக்கவே பேசினார்கள். அவளும் ஒரு நாளும் மறுத்ததில்லை.

பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் யாராவது படமெடுத்து அவளுக்கு அனுப்பிவிடுவார்கள். அவளுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஆகவே யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேட்பாள். கேட்டு முடித்ததும் என்ன சொல்வாள் என்று எனக்கு இப்போதே தெரியும். "ஒன்னுகூடி." இன்னொரு தடவை சொல்லு என்பதற்கு மலையாளத்தில் அப்படித்தான். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு அவள் என்னிடமிருந்து தட்டிப் பறித்தது கொஞ்சநஞ்சமல்ல.

முதலில் வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவளைப் பற்றி எழுத உட்கார்ந்தும் வண்டியைத்தான் முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது என்பதில் எனக்கு ஒரு சின்னத் திருப்தி.

அது உலகப் போர்க் காலத்துக் கவச வண்டி. சேஸிஸ் கனடாவிலிருந்து கப்பலில் வந்தது. மேலே போர்த்திய இரும்புத் தகடு இந்தியாவிலேயே அடித்தது. மூக்கு சரிந்து, ஜன்னலுக்குப் பதிலாகக் கீறல் கீறலாகப் பார்வைத் துளைகள் வைத்து, நான்கு சக்கரத்தில் நிற்கிற ஒரு இரும்புப் பெட்டி. போர் முடிந்ததும் பட்டாளத்துக்கு வேண்டாததாகிப்போன இந்த மாதிரி வண்டிகள் எங்கெங்கோ சிதறிப் போயின. ஒன்று வித்துராவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தது. அங்கே மேலே இருந்த கூண்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, விறகும் இலைமூட்டையும் ஏற்றினார்கள். ஓடாமல் நின்றதும் கோழி அடைத்தார்கள். நான் முதன்முதலில் பார்த்தபோது ஓட்டுநர் உட்கார வேண்டிய இடத்தில் ஒரு பெட்டைக் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

அதைக் கண்டுபிடித்தவன் நான். இந்த வரியைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்கவும்.

எனக்கு அப்போது பொதுப்பணித் துறையில் டிராஃப்ட்ஸ்மேன் உத்தியோகம். பாலத்துக்கும் கக்கூஸுக்கும் பிளான் வரைந்து கை மரத்துப்போன ஆளுக்கு இப்படி ஒரு வண்டி கிடைத்தால் என்ன செய்வான்? விடுமுறை கிடைத்தபோதெல்லாம் மலையேறிப் போய் ஆணி ஆணியாக அளந்தேன். வண்டியைப் பற்றி யார் எதைச் சொன்னாலும் ஒரு தடவை கேட்டால் எனக்குப் போதும். எழுதிக்கொள்ள மாட்டேன். கல்லில் வெட்டினது மாதிரி மனசில் நிற்கும். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற மேஜர், பழைய வண்டிகளைச் சேர்த்துப் பழுது பார்ப்பவர், என் படத்தைப் பார்த்துத்தான் வண்டியை மலையிலிருந்து இறக்கிக் கொண்டுவந்தார். படத்தைச் சட்டம் போட்டு ஷெட்டில் மாட்டினார். வண்டியின் உச்சியில் கூண்டு இருந்திருக்க வேண்டிய இடத்தைப் புள்ளிக்கோட்டால் வட்டமிட்டு, பக்கத்தில் என் கையெழுத்தில் எழுதியிருந்தேன்: 'சுழல்கூண்டு: வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டது.'

சுழல்கூண்டு என்பது நான் வைத்த பெயர். துப்பாக்கியோடு ஒருவன் இடுப்புவரை உள்ளே நின்று, எந்தத் திசைக்கும் திருப்பிக்கொள்கிற இரும்புக் கூண்டு. எவ்வளவு பொருத்தமான சொல். ஷெட்டில் ஒருவன்கூட அதைச் சொன்னதில்லை. தோட்டத்து ஜனங்கள் அதைத் 'தொப்பி' என்றார்கள், இவர்களும் தொப்பி என்றார்கள்.

எனக்கு வாழ்க்கையில் பெரிய ஆசைகள் கிடையாது. அந்த வண்டி ஒரு நாள் ஓட வேண்டும், நான் அந்தக் கூண்டில் நிற்க வேண்டும். அவ்வளவுதான். கூண்டு வெள்ளத்தோடு போன பிறகும் அந்த ஆசை போகவில்லை. புள்ளிக்கோட்டு வட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் அதற்குள் என்னை நிறுத்திப் பார்த்துக்கொள்வேன்.

இந்த நிலைமையில்தான் அவள் வந்தாள். பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். கழக்கூட்டத்தில் ஏதோ சாஃப்ட்வேர் ஆபீஸில் வேலை. அடுத்தவன் எழுதினதில் தப்புக் கண்டுபிடிக்கிற டெஸ்டிங் உத்தியோகம் என்றாள். அன்றே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை. ஷெட்டில் புதிதாக வந்தவர்களுக்கு வண்டியின் கதையைச் சொல்வது என் பொறுப்பு. நன்றாகவே சொன்னேன். முடித்ததும் எல்லோரும் தலையாட்டினார்கள். அவள் மட்டும், "ஒன்னுகூடி சொல்லாமோ, சாரே?" என்றாள்.

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் இன்னொரு தடவை சொல்லச் சொல்லி யாரும் கேட்டதில்லை. மறுபடி முதலிலிருந்து சொன்னேன், இன்னும் கொஞ்சம் மெருகேற்றி. அவள் கண்ணிமைக்காமல் கேட்டாள்.

"முதல்ல பறஞ்சப்போ, தோட்டத்து மேனேஜர் கூட்டிட்டுப் போயி காட்டித் தந்தாருன்னு சொல்லி. இப்போ சார் கோழி பின்னாடி தனியா போயி கண்டுபிடிச்சு. எதாணு சரி?"

மேஜர் வயிறு குலுங்கச் சிரித்தார். "எந்தா சாரே, கோழியோ மேனேஜரோ?"

மேனேஜர் காட்டியது கோழிக்கூட்டை. அதை வண்டி என்று கண்டுபிடித்தவன் நான். இதை நான் அன்று விளக்கினேன், இன்றும் விளக்குகிறேன். அவள், "ஓ, அப்படியா," என்று சொல்லி அதோடு விட்டுவிட்டாள். கேலியே இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அவள் அந்தண்டை போனதும் மேஜரிடம், "பாவம், அந்தப் பொண்ணுக்குக் காது கொஞ்சம் மந்தம் போல. அதான் எல்லாத்தையும் திருப்பிக் கேக்கறது," என்றேன். வாயில் வந்தது, சொன்னேன்.

அவள் தமிழைப் பற்றியும் சொல்ல வேண்டும். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தம்பானூரில் ஓட்டலில் சப்ளையராக இருந்தவர். இவள் பிறந்தது, படித்தது எல்லாம் இங்கேதான், மலையாளப் பள்ளிக்கூடம். ஆகவே அவள் தமிழில் வினைச்சொல் எல்லாம் பாதியில் நிற்கும். நான் கோட்டைக்குள் அக்ரஹாரத்தில் பிறந்தவன். எனக்கு அது காதில் முள்.

"சார் பறஞ்சது கேட்டு," என்பாள்.

"கேட்டு? கேட்டு என்ன பண்ணினேள்?"

"கேட்டு. அவ்வளவுதான், சாரே."

"தமிழ்ல அது முடியாத வார்த்தை. மலையாளத்துல கேட்டுன்னா முடிஞ்சுபோச்சு. தமிழ்ல கேட்டேன்னு முடிக்கணும். கேட்டுன்னு நிறுத்தினா, அப்புறம் என்ன ஆச்சுன்னு எதிராளி காத்துண்டு நிக்கணும்."

"மனசிலாயி," என்பாள் சிரித்துக்கொண்டு. அடுத்த வாரம், "படம் பார்த்து, சாரே. நல்லாருக்கு," என்பாள். நானும் விடாமல், "பார்த்து என்ன பண்ணினேள்?" என்பேன். இப்படியே போயிற்று.

ஒரு தடவை நானும் அவளும் மேஜருக்கு ஏதோ பேரிங் வாங்கப் போய்விட்டுத் தம்பானூரில் ஒரு ஓட்டலில் காபி குடிக்க நுழைந்தோம். சப்ளையர் வந்து மூச்சுவிடாமல் ஒப்பித்தான். இட்லி, தோசை, வடை, பூரி, மசால் தோசை. எனக்குக் கேட்டதும் மனப்பாடம். இவள் அவன் முகத்தை நிமிர்ந்து பார்த்து, "ஒன்னுகூடி, சேட்டா," என்றாள்.

அவன் மறுபடி ஆரம்பித்தான். இட்லி, தோசை என்று வந்தவன் பாதியில் நிறுத்தி, குரலைத் தாழ்த்தி, "வடை வேண்டாம், காலத்தே இட்டதாணு. ரசவடை இப்போ ஊறினது இருக்கு, அது தரட்டே?" என்றான்.

ரசவடை பிரமாதமாக இருந்தது. அதுவே எனக்கு எரிச்சலாகவும் இருந்தது. நான் அந்த ஓட்டலுக்கு முப்பது வருஷமாகப் போய்க்கொண்டிருக்கிறேன். காலையில் போட்ட வடையைத்தான் மாலையில் தின்றுகொண்டிருந்திருக்கிறேன் போலிருக்கிறது.

"அதெப்படி அவன் உங்ககிட்ட மட்டும் சொல்றான்?" என்று கேட்டேன்.

"அப்பா சப்ளையரல்லே, சாரே. முதல்ல சொல்றது மானேஜர் சொல்லச் சொன்னது. ரெண்டாவது கேட்டாத்தான் சப்ளையர் சொல்றது வரும்."

இதையாவது நான் தலையாட்டிவிட்டு மறந்திருக்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தாள். என் மனைவியின் சாம்பாருக்கு எங்கள் தெருவில் ஒரு பெயர் உண்டு. இறக்குவதற்கு முன் என்னவோ ஒன்று சேர்ப்பாள். அது என்ன என்று என் அக்கா கேட்டுக் கேட்டு அலுத்துப்போனாள். இவள் சமையலறை வாசலில் சாய்ந்துகொண்டு, "எப்படி மாமி?" என்று கேட்டாள். மனைவி வழக்கம்போல எல்லோருக்கும் சொல்கிறதைச் சொன்னாள். இவள், "ஒன்னுகூடி சொல்லுங்கோ, மாமி," என்றாள். அதற்கப்புறம் உள்ளே குரல் தாழ்ந்துவிட்டது. கூடத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

அவள் போன பிறகு மனைவியிடம், "அந்தச் சாம்பார் ரகசியத்தைச் சொல்லிட்டியா?" என்றேன்.

"சொன்னேன். பாவம், காது கேக்காத பொண்ணு. இத்தனை ஆசையாக் கேக்கறது."

"என்கிட்ட ஒரு நாளும் சொன்னதில்லையே."

"நீங்க ஒரு தடவைக்கு மேல எதைக் கேட்டிருக்கேள்?" என்று சொல்லிவிட்டு இலையை எடுக்கப் போய்விட்டாள்.

எனக்குப் பொறாமை. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அழகைப் பார்த்துப் பொறாமைப்படலாம், படிப்பைப் பார்த்துப் பொறாமைப்படலாம், அதெல்லாம் நாலு பேருக்குச் சொல்லிக்கொள்கிற மாதிரி இருக்கும். ஒருத்தி ஒரே கேள்வியை இரண்டு தடவை கேட்கிறாள் என்பதற்காகவா ஒரு மனிதன் வயிறெரிவான்? நான் எரிந்தேன். ஒரு தடவை கேட்டு மறக்காமல் வைத்திருப்பதுதான் என்னுடைய ஒரே சொத்து. இவள் அதைச் செல்லாக்காசாக்கிக்கொண்டிருந்தாள்.

அப்புறம் அந்த வித்துராப் பயணம். மழை முடிந்த சமயம். வண்டியைப் பற்றித் தோட்டத்தில் இன்னும் யாருக்காவது ஏதாவது நினைவிருக்குமா என்று கேட்டுவரலாம் என்றாள். "அங்கே ஒரு ஆச்சிதான் பாக்கி. அவள் சொன்னதெல்லாம் என்கிட்ட இருக்கு," என்றேன். "எனிக்கு அந்த ஆச்சியப் பார்க்கணும், சாரே," என்றாள். மேஜர், "ரெண்டு பேரும் போயிட்டு வாங்கோ," என்றுவிட்டார்.

தம்பானூரில் பஸ் ஏறி, வித்துராவில் இறங்கி, அங்கிருந்து ஜீப்பில் மேலே போனோம். தோட்டம் பாதி மூடிக்கிடந்தது. தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் கடைசி வீடு ஆச்சியுடையது. சிறு வயதில் தென்காசிப் பக்கத்திலிருந்து இலை கிள்ள வந்து, இங்கேயே கல்யாணமாகி, இங்கேயே கிழவியானவள். என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டு, "வாங்க, அளவு எடுக்குற சார்," என்றாள்.

இவள் கேட்டாள், "ஆச்சி, அந்த வண்டிக்கு மேலே இருந்த தொப்பி என்னாச்சு?"

"அதான் அப்பவே சார்கிட்ட சொன்னேனே மக்கா. தொப்பி வெள்ளத்துல போயிடிச்சு."

நான் இவளைப் பார்த்தேன். சொன்னேன் பார்த்தாயா என்கிற பார்வை. வருஷக்கணக்காக என் மனசில் இருக்கிற அதே வாக்கியம், ஒரு எழுத்து மாறவில்லை. மலையில் காட்டாறு பெருகி வரும்போது இரும்பென்ன, வீட்டையே புரட்டிக்கொண்டு போகும்.

"ஒன்னுகூடி, ஆச்சி," என்றாள் இவள்.

எனக்கு மானம் போயிற்று. வயசானவளைப் போட்டு இப்படிப் படுத்த வேண்டுமா? ஆச்சியிடம் குனிந்து, "அவாளுக்குக் காது கொஞ்சம் மந்தம், பாட்டி. தப்பா நெனச்சுக்காதீங்கோ. கொஞ்சம் பலமாச் சொல்லிடுங்கோ," என்று கிசுகிசுத்தேன்.

"அய்ய, அப்படியா? இந்த வயசுலயா?" என்று ஆச்சி எழுந்துவிட்டாள். காது கேளாதவர்களிடம் எல்லோரும் செய்வதைத்தான் ஆச்சியும் செய்தாள். இவள் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்து, கையால் பெரிதாக ஒரு வட்டம் போட்டாள்.

"தொப்பி! வண்டியிலேருந்து கழத்தி, கொட்டகைப் பக்கம் போட்டுருந்தாவ! அதுக்குள்ள பாம்பு அடைஞ்சுட்டு! பொம்பளைங்கல்லாம் வேலைக்குப் போகமாட்டோம்னு நின்னோம்! அப்ப ஆம்பளைங்க சேந்து" என்று கத்திக்கொண்டே இரண்டு கையாலும் எதையோ உருட்டுகிற மாதிரி உருட்டினாள். அப்புறம் கையை நீட்டிச் சரிவுக்குக் கீழே காட்டினாள். ஃபாக்டரிக்குப் பின்னால், அல்லி மண்டிக்கிடந்த குளம். "அந்தா! அந்த வெள்ளத்துல! பொளக்!"

என் வாய் தானாகத் திறந்தது. "பாட்டி, வெள்ளம்னா... வெள்ளமா?"

"வெள்ளந்தான், சார். குடிக்கிற வெள்ளம் இல்ல. குளத்து வெள்ளம்."

தமிழில் வெள்ளம் என்றால் ஆற்றில் பெருகி வருவது. மலையாளத்தில் வெள்ளம் என்றால் வெறும் தண்ணீர். இது இந்த ஊரில் பால்காரனுக்கும் தெரியும். எனக்கும் தெரியும், நானும் வீட்டுக்கு வெளியே மலையாளம் பேசித்தான் வளர்ந்தவன். ஆனால் ஆச்சி தென்காசிக்காரி, என்னிடம் தமிழில் பேசினாள். தமிழில் பேசுகிறவள் சொன்ன வெள்ளத்தை நான் தமிழ் வெள்ளமாகத்தானே எடுத்துக்கொள்ள முடியும்? ஆயுள் முழுவதும் மலையாளத்துக்காரர்களோடு இலை கிள்ளினவளின் தமிழில் எந்த வார்த்தை எந்தக் கரையிலிருந்து வந்தது என்று நான் எப்படிக் கண்டேன்? வேறு எந்த ஊர்க்காரனுக்கும் இந்தத் தப்பு வந்திருக்காது. அரைகுறைத் தமிழோ அரைகுறை மலையாளமோ தெரிந்தவன் தப்பித்திருப்பான். இரண்டும் சுத்தமாகத் தெரிந்த நான் மாட்டிக்கொண்டேன்.

திரும்பும்போது பஸ்ஸில் நல்ல கூட்டம். முன்னால் பெண்கள் சீட்டில் அவளுக்கு இடம் கிடைத்தது. நான் கடைசி வரிசையில் ஜன்னலோரம் இடிபட்டுக்கொண்டிருந்தேன். நெடுமங்காட்டை நெருங்கும்போது ஆத்திரம் பொங்கி வந்தது. "சனியன்," என்று முணுமுணுத்தேன். என் காதுக்கே சரியாகக் கேட்கவில்லை.

முன் சீட்டிலிருந்து அவள் திரும்பினாள். "யாரு, சாரே?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பஸ் இரைச்சல், ஜனங்களின் பேச்சு, கண்டக்டரின் விசில், எல்லாவற்றையும் தாண்டி அவள் காதில் விழுந்திருக்கிறது. "இந்த ரோடு," என்றேன்.

தம்பானூரில் இறங்கியதும் என்னிடம் வந்தாள். முகமெல்லாம் மலர்ச்சி. "சார் ஆச்சிகிட்ட காது மந்தம்னு சொன்னதும் கேட்டு. நல்ல ஐடியா, சாரே! அதனாலதானே ஆச்சி கையால காட்டித் தந்தது."

நான் 'கேட்டு என்ன பண்ணினேள்' என்று கேட்கவில்லை. மேஜரிடம் போய், காது விஷயத்தை மட்டும் விட்டுவிட்டு, மற்றதைச் சொன்னாள். சாருடைய ஐடியா, சார் இல்லாவிட்டால் தொப்பி இல்லை. எனக்கு ஒரு துரோகமாவது செய்திருக்கலாம் அவள். 'இவர் தப்பாகக் கேட்டுவிட்டு வந்து தப்பாக எழுதி மாட்டினார்' என்று ஷெட்டில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நான் கௌரவமாகக் கோபித்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருப்பேன். பொறாமைக்கு ஒரு நியாயம் கிடைத்திருக்கும். அதைக்கூட அவள் எனக்குத் தரவில்லை.

வேனலில் குளம் வற்றியதும் செயின் போட்டுக் கூண்டைத் தூக்கினார்கள். சேறு வழிய வழிய மேலே வந்தது. உள்ளே சின்னச் சின்ன மீன்கள் துள்ளின. நான் புள்ளிக்கோட்டில் போட்டிருந்த வட்டத்துக்கும் அதற்கும் விரற்கடை வித்தியாசம் இல்லை. அதை நான்தான் எல்லோருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. அவள் ஒரு ஸ்பானரால் தகட்டைத் தட்டிக் காதை வைத்துக் கேட்டாள். மறுபடி ஒரு தடவை தட்டினாள். இரும்பைக்கூட விடவில்லை.

சேறு கழுவி, துரு சுரண்டி, கூண்டை வண்டியில் ஏற்றி உட்கார வைக்க இன்னொரு மழைக்காலம் போயிற்று. ஓடுகிற எஞ்சின் பழைய லாரியுடையது, அதை மறைப்பதற்கில்லை. மற்றதெல்லாம் அசல். ஷெட்டில் ஒரு பலகை வைத்தார்கள். வாசகம் எழுதுகிற வேலையை மேஜர் அவளிடம் கொடுத்திருந்தார். அவள் என்னிடம் வந்து, "அந்தத் தொப்பிக்கு சார் ஒரு பேரு சொல்லுமல்லோ, அது என்ன?" என்றாள்.

"சுழல்கூண்டு."

"ஒன்னுகூடி."

"சு-ழல்-கூண்-டு."

எழுத்துக் கூட்டி எழுதிக்கொண்டாள். பலகையில் தமிழிலும் மலையாளத்திலும் அதுவே இருந்தது. உலகத்தில் அந்தச் சொல் என் கையெழுத்துக்கு வெளியே இருக்கிற ஒரே இடம் அதுதான். கண்டெடுத்தவர்கள் என்று என் பெயர் முதலில், அவள் பெயர் கீழே, கொஞ்சம் சின்ன எழுத்தில்.

முதல் ஓட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, ஷெட்டுக்குப் பின்னால் இருந்த வெற்று நிலத்தில். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. தேங்காய் உடைத்தாயிற்று. மேஜர்தான் ஓட்டினார். பக்கத்தில் ஒருவர் உட்காரலாம். கூண்டில் ஒரே ஒரு ஆள் நிற்கலாம்.

"தொப்பியில ஆரு கேறும்?" என்றார் மேஜர். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அவள் ஏறியிருந்தால் யாரும் தப்பென்று சொல்லியிருக்க முடியாது. குளத்திலிருந்து அதை வரவழைத்தவள் அவள்.

"சார் கேறட்டும்," என்றாள். "சாருக்கு அது எத்தனை காலத்து ஆசை. படத்துல அந்த வட்டத்தைப் பார்த்துக்கிட்டே நிப்பாரு."

அதையும் கவனித்திருக்கிறாள். நான் யாரிடமும் சொன்னதில்லை. முழங்கால் வலியோடு ஏறி, கூண்டுக்குள் இறங்கி நின்றேன். அவள் உள்ளே மேஜருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். நான் நின்ற இடத்திலிருந்து குனிந்தால் அவள் உச்சந்தலை தெரியும்.

எஞ்சின் பின்பக்கம். கிளப்பியதும் அந்த இரும்புப் பெட்டி முழுவதும் சேர்ந்து இரைந்தது. பல்லெல்லாம் ஆடிற்று. வண்டி ஒரு குலுக்கல் குலுக்கி நகர்ந்தது. இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சுவருக்கு அந்தப் பக்கம் நெடுஞ்சாலையில் போன பஸ்ஸிலிருந்து ஜனங்கள் எட்டிப் பார்த்தார்கள். கீழே நின்றவர்கள் கை தட்டினார்கள். என் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கண்ணில் புகை பட்டிருக்கலாம்.

இத்தனை வருஷம் காத்திருந்த இடம். அங்கே நின்றுகொண்டு எனக்குத் தோன்றியதெல்லாம் ஒன்றுதான்: இதை எனக்குக் கொடுத்தவள் கீழே உட்கார்ந்திருக்கிறாள், கொடுத்தோம் என்கிற நினைப்புகூட அவளுக்கு இல்லை. நான் அவள் இடத்தில் இருந்திருந்தால் விட்டுக்கொடுத்திருக்க மாட்டேன். அந்த இரைச்சலில் நான் கத்தினாலும் யாருக்கும் கேட்காது. குனிந்து, அவள் தலைக்கு மேலே, சொல்லியே விட்டேன்.

"எனக்கு உங்கமேல பொறாமை. சகிக்க முடியாத பொறாமை."

அவள் தலை நிமிர்ந்தது.

"ஒன்னுகூடி, சாரே!"

முகத்தில் ஒன்றும் இல்லை அவளுக்கு. ரசவடைக்காரனைப் பார்த்த அதே முகம், ஆச்சியைப் பார்த்த அதே முகம். அவளுக்குக் காது மந்தம் என்று எல்லோருக்கும் சொன்னவன் நான். மந்தமே இல்லை என்று தெரிந்தவனும் அங்கே நான் ஒருவன்தான்.

"ஒண்ணுமில்லே," என்று கத்தினேன். "மேஜரை பிரேக்கைப் பார்த்துப் பிடிக்கச் சொல்லுங்கோன்னேன்!"

அவள் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். பிறகு தலையாட்டினாள்.

"ரெண்டும் கேட்டு, சாரே," என்றாள்.

அவ்வளவுதான். முன்பக்கம் திரும்பிக்கொண்டாள். அடுத்த வருஷம் வேலை மாறிக் கனடாவுக்குப் போனாள், வண்டியின் சேஸிஸ் பிறந்த ஊருக்கு. அதிலும் எனக்குப் பொறாமைதான். போகிறவரை, நான் கூண்டிலிருந்து சொன்னதைப் பற்றி அவள் யாரிடமும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

'கேட்டு' என்று அவள் நிறுத்தினால் நான் வழக்கமாகக் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. அன்றைக்கு அது நாக்குவரை வந்தது. கேட்கவில்லை.